வீட்டு வரைபடத்தில் கட்டட விதிகளை எந்தக் கட்டத்தில் கணக்கில் கொள்வது?

கோட்டோவியன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தனி வீடுகளுக்கு வரைபடம் போடத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை நான் பின்பற்றிய முறை எளிமையானது: வீட்டுக்காரர் கேட்கும் அறைகளை முதலில் மனைக்குள் பொருத்திப் பார்ப்பேன், அவருக்குப் பிடித்த அமைப்பு கிடைத்ததும் விதிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பேன். சிறிய வீடுகளில் இது பெரிய தொல்லை தரவில்லை. இப்போது கையில் இருக்கும் இரண்டடுக்கு வீட்டின் வரைபடம் மட்டும் ஒப்புதலுக்குப் போய் மூன்று குறிப்புகளோடு திரும்பி வந்துவிட்டது.

முதற்குறிப்பு படிக்கட்டைப் பற்றியது. தளத்துக்குத் தளம் 3,060 மி.மீ., நேர்ப்படி, 17 ரைசர் (ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையிலான செங்குத்து உயரம்). மூன்றாம் படியின் முனைக்கு நேர் மேலே ஒரு பீம் வருகிறது. அங்கே தலைக்கு மேல் கிடைக்கும் இடைவெளி 1,980 மி.மீ.தான். இரண்டாவது, குளியலறையின் அகலம் 1,200 மி.மீ. எனக் காட்டியிருந்தும் அது போதாது என்கிறார்கள். விதியில் இருப்பதும் அதே 1,200தான் என்பதால் எனக்கு இது விளங்கவில்லை. மூன்றாவது, ஒரு படுக்கையறையின் சன்னல் அவசரகாலத்தில் வெளியேறப் போதுமானதாக இல்லை என்பது.

படியைத் திருத்தினால் கூடம் சுருங்குகிறது, கூடத்தை மீட்டால் குளியலறை நகர்கிறது, அது நகர்ந்தால் கழிவுநீர்க் குழாய் இடம் மாறுகிறது. ஓர் இழையைப் பிடித்து இழுத்தால் முழுத் துணியும் வருகிறது. அனுபவமுள்ளவர்கள் விதிகளை எந்தக் கட்டத்தில், எந்த வரிசையில் எடுத்துக்கொள்கிறீர்கள்? குறிப்பிட்ட ஒரு நாட்டின் விதிக்குப் பதில் தேடவில்லை. வேலை செய்யும் முறையைத்தான் கேட்கிறேன்.

ரசமட்டம் எழுதியது:

நீங்கள் சொல்லும் தொல்லைக்குக் காரணம், விதிகள் எல்லாவற்றையும் ஒரே தரத்தில் வைத்துப் பார்ப்பது. சில விதிகள் வரைபடத்தின் எலும்பைத் தீர்மானிக்கின்றன, சில தோலோடு நின்றுவிடுகின்றன. கழிப்பறைக் கோப்பையின் மையத்திலிருந்து பக்கச் சுவர் எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். மனை எல்லையிலிருந்து விட வேண்டிய இடம், மொத்த உயரம், தளப்பரப்புக் குறியீடு (மனைப்பரப்புக்கு எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற வரம்பு), படிக்கட்டு ஆகியவற்றை அப்படித் தள்ளிப்போட முடியாது. அறைகளைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே இந்த நான்கையும் வெற்று மனையின் மீது வரைந்துவிடுவது என் வழக்கம். எல்லைக்கோட்டிலிருந்து விலகல் என்பது காற்றுக்காக மட்டும் ஏற்பட்டதன்று என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்காவில் பரவலாக ஏற்கப்படும் சர்வதேசக் குடியிருப்பு விதித்தொகுப்பில், தீயணைக்கும் நீர்த்தெளிப்பான் இல்லாத வீட்டின் வெளிச்சுவர் எல்லையிலிருந்து 1,524 மி.மீ.க்குள் வந்தால் அது ஒரு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும்; 914 மி.மீ.க்குள் வந்தால் சன்னலே வைக்கக் கூடாது. அடுத்த வீட்டுத் தீ நம் வீட்டுக்குத் தாவாமல் இருப்பதற்கான தூரம் அது. இது தெரிந்தவர் படுக்கையறையின் ஒரே சன்னலை அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்கமாட்டார்.

படிக்கட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் குறிப்பில் வராத ஒரு தவறும் அதில் ஒளிந்திருக்கலாம். 3,060-ஐ 17-ஆல் வகுத்தால் ஒரு ரைசர் 180 மி.மீ. மிதி, அதாவது கால் வைக்கும் பகுதியின் ஆழம், 270 வைத்தால், இரண்டு ரைசரும் ஒரு மிதியும் சேர்ந்து 630. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் பிரான்சுவா புளோந்தெல் மனிதனின் காலடித் தூரத்தை வைத்து வகுத்த கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. 600-க்கும் 640-க்கும் இடையில் அந்தக் கூட்டுத்தொகை வந்தால் ஏறும்போது கால் தடுமாறாது. ஆகவே தாளில் உங்கள் படி நல்ல படி.

கட்டுமிடத்தில் நடப்பது வேறு. கீழ்த்தளத்திலும் மேல்தளத்திலும் தரைப்பூச்சும் டைல்ஸும் சேர்ந்து 75 மி.மீ. வரும் என்று வையுங்கள். படியின் மிதியில் கல் ஒட்டுவதற்கு 40 மி.மீ. போதும். மேஸ்திரி உங்கள் வரைபடத்தைப் பார்த்து 17 ரைசரையும் கான்கிரீட்டில் சரியாக 180 என்றே வார்த்துவிட்டால், வேலை முடிந்த பிறகு முதற்படியின் உயரம் 180 + 40 − 75, அதாவது 145 மி.மீ. ஆகிவிடும், கடைசிப் படி 180 + 75 − 40, அதாவது 215 மி.மீ. ஆகும். இந்தியாவின் 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பு குடியிருப்புப் படிக்கு அனுமதிக்கும் உச்ச உயரம் 190 மி.மீ.; அமெரிக்கத் தொகுப்பில் 196 மி.மீ. அதைவிட முக்கியமாக, அமெரிக்கத் தொகுப்பின்படி ஒரே படிவரிசையில் மிக உயர்ந்த ரைசருக்கும் மிகத் தாழ்ந்ததற்கும் இடையே 9.5 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. இங்கே வேறுபாடு 70 மி.மீ. ஆகவே கான்கிரீட்டில் முதல் ரைசரை 215 ஆகவும் கடைசி ரைசரை 145 ஆகவும் வார்க்கச் சொல்லி வரைபடத்திலேயே எழுத வேண்டும். அப்போதுதான் முடிவில் எல்லாம் 180 ஆகும். வரைபடத்தில் படி சமமாக இருந்தால் கட்டுமிடத்தில் சமமாக இராது என்று சொல்லும்போது வீட்டுக்காரர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பழகிவிட்டது.

குளியலறையைப் பற்றிய உங்கள் சந்தேகத்துக்கும் விடை இதிலேயே இருக்கிறது. நீங்கள் காட்டிய 1,200 செங்கல்லுக்குச் செங்கல். இருபுறமும் பூச்சு, பசை, டைல்ஸ் சேர்ந்து பக்கத்துக்கு 25 மி.மீ. எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 1,150. வேலை முடிந்த பின் கிடைக்கும் அளவைத்தான் விதி கேட்கிறது.

எந்த எண்ணை எடுப்பது என்று குழம்பினால், கிடைக்கும் விதிகளில் மிகக் கடுமையானதை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

தூக்குக்குண்டு எழுதியது:

நான் கட்டமைப்புப் பொறியாளன். பீம் குறுக்கே வந்த கதையில் பாதிப் பொறுப்பு எங்கள் தரப்பினருடையது; வரைபடம் முடிந்த பிறகுதான் எங்களிடம் வருகிறது, நாங்களும் நடுவில் தூணில்லாத நீண்ட இடைவெளிக்கு ஓர் ஆழமான பீமைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

உங்கள் எண்களை வைத்தே கணக்கிட்டுப் பார்த்தேன். மேல்தளத்தின் முடிந்த மட்டம் 3,060. அதிலிருந்து தரைப்பூச்சு 75, தளத்தோடு சேர்த்துப் பீமின் ஆழம் 450, அடிப்பூச்சு 15 ஆகியவற்றைக் கழித்தால் பீமின் அடிமட்டம் 2,520 மி.மீ. மூன்றாம் படியின் மட்டம் 540, மிச்சம் 1,980. உங்கள் குறிப்பில் வந்த எண் இதுதான். பீமை ஒரு மிதி அளவு, அதாவது 270 மி.மீ., கீழ்ப்படிப் பக்கமாக நகர்த்தினால் அது இரண்டாம் படிக்கு மேல் வந்து 2,160 கிடைக்கும். 2,032 கேட்கும் அமெரிக்கத் தொகுப்புக்கும் 2,000 கேட்கும் இங்கிலாந்து விதிக்கும் இது போதும். 2,200 கேட்கும் இடத்தில் இன்னொரு மிதியும் நகர்த்த வேண்டும். நகர்த்த முடியாவிட்டால் பீமைத் தளத்துக்கு மேலே எழும்பும்படி கவிழ்த்துப் போடலாம். கூடத்தைச் சுருக்க வேண்டிய தேவையே வராமல் போகலாம்.

இதை ஒட்டி இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு விதிகள் தனித்தனியே சரியாக இருந்தும், சேரும்போது ஆபத்தை உண்டாக்குவது உண்டு. வாகன நிறுத்தத்துக்கு இடம் விட வேண்டும் என்று ஒரு விதி கட்டாயப்படுத்தினால், சிறிய மனையில் எல்லாரும் கீழ்த்தளத்தைத் தூண்களோடு வெறுமையாக விட்டு மேலே சுவர்களை எழுப்புகிறார்கள். மேலே விறைப்பு, கீழே நெகிழ்வு. நிலநடுக்கத்தில் அசைவு முழுவதும் கீழ்த்தளத் தூண்களில் குவிகிறது. 2001 சனவரி 26 அன்று குசராத்தை உலுக்கிய புஜ் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் இடிந்த அடுக்குமாடிகளில் பல இந்த மென்தள வகையைச் சேர்ந்தவை. வாகன விதியைப் பார்த்த கண் நிலநடுக்க விதியையும் பார்த்தாக வேண்டும். தூணைச் சுற்றும் வளையக் கம்பியின் முனையை 90 பாகையில் மடித்து விடாமல் 135 பாகைக்கு மடித்து உள்ளே செலுத்த வேண்டும் என்பது போன்ற சிறு குறிப்புகளும் இதற்காகத்தான். கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் மேலுறை உதிர்ந்த பிறகும் வளையம் பிரியாமல் தூணைக் கட்டிப் பிடித்திருக்க வேண்டும் அல்லவா?

கோட்டோவியன் எழுதியது:

இருவருக்கும் நன்றி. முதல் ரைசரையும் கடைசி ரைசரையும் வேறு அளவில் வார்க்க வேண்டும் என்பது எனக்குப் புதிது. கட்டி முடித்த ஒரு வீட்டில் போய் அளந்தேன், கடைசிப் படி மற்றவற்றைவிட 30 மி.மீ. கூடுதலாக இருந்தது. அதை வரைந்ததும் நான்தான்.

சன்னலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 1,000 மி.மீ. அகலமும் 1,200 மி.மீ. உயரமும் கொண்ட இழுவைச் சன்னல், பரப்பு 1.2 சதுர மீட்டர். கேட்பது 0.53 சதுர மீட்டர்தான். இருமடங்குக்கும் மேல் கொடுத்தும் ஏன் போதவில்லை? ரசமட்டம் சொன்னபடி கடுமையான எண்ணையே எடுத்துக்கொண்டால் இதற்கும் தீர்வு வந்துவிடுமா?

சாரம் எழுதியது:

வரைபடங்களைச் சரிபார்க்கும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

சன்னலில் 0.53 சதுர மீட்டர் என்பது ஆள் நுழையும் திறப்பின் அளவு. இழுவைச் சன்னலில் ஒரு கதவு மற்றொன்றின் பின்னால் போய் நிற்பதால், 1,000-இல் பாதிதான் திறக்கும். சன்னல் சட்டகத்தின் தடிமனையும் கழித்தால் 450 மி.மீ. அளவில் நின்றுவிடும். குறைந்தபட்ச அகலம் 508, குறைந்தபட்ச உயரம் 610, பரப்பு 0.53 என்ற மூன்றும் ஒருசேர நிறைவேற வேண்டும், 508-ஐயும் 610-ஐயும் பெருக்கினால் 0.31 தான் வருகிறது என்பதையும் கவனியுங்கள். சன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து 1,118 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது; உறக்கத்திலிருந்து எழுந்த ஒருவர் புகைக்கு நடுவே ஏறி வெளியே போகவும், முதுகில் சுவாசக் கருவியோடு தீயணைப்பு வீரர் உள்ளே வரவும் வழி வேண்டும். அதே அளவில் முழுதும் திறக்கும் கீல் சன்னலாக மாற்றினால் உங்கள் குறிப்பு தீர்ந்துவிடும். சுவரை இடிக்க வேண்டியதில்லை. கம்பி வைப்பதானால், சாவியோ கருவியோ இல்லாமல் உள்ளிருந்து திறக்கக்கூடியதாக வையுங்கள்.

ரசமட்டத்தின் மற்றக் கருத்துகளோடு உடன்படுகிறேன், கடுமையான எண்ணை எடுங்கள் என்பதோடு மட்டும் உடன்பட முடியவில்லை. ஒரு விதித்தொகுப்பின் எண்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. இங்கிலாந்தின் விதியில் தனி வீட்டுப் படிக்கு ரைசர் 220 மி.மீ. வரை போகலாம், மிதி 220 வரை குறையலாம் என்று இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக எடுத்தால் சரிவு 45 பாகை. அதே விதி 42 பாகையைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆகவே மிதி 220 என்றால் ரைசர் 198-க்கு மேல் போக முடியாது. எண்ணைத் தனியே பிடுங்கி எடுத்து வந்தால் இந்தத் தொடர்பு அறுந்துவிடும். வெளிச்சத்துக்கான சன்னல் பரப்பும் அப்படித்தான். அறையின் தரைப்பரப்பில் 8 சதவீதக் கண்ணாடி போதும் என்கிறது அமெரிக்கத் தொகுப்பு. இந்தியத் தொகுப்போ வெப்பமும் ஈரமும் மிகுந்த நிலத்துக்கு ஆறில் ஒரு பங்கையும் வறண்ட வெப்ப நிலத்துக்குப் பத்தில் ஒரு பங்கையும் கேட்கிறது. 12 சதுர மீட்டர் அறைக்கு அமெரிக்கக் கணக்கில் 0.96, இந்தியாவின் ஈர வெப்ப நிலக் கணக்கில் 2 சதுர மீட்டர். இதில் பெரியதைக் கொண்டுபோய்க் குளிர்நாட்டு வீட்டில் வைத்தால் வெப்பம் வெளியேறுவதற்கே வழி செய்தவர் ஆவீர்கள். உங்கள் மனைக்கு எந்தத் தொகுப்பு, அதன் எந்த ஆண்டுப் பதிப்பு நடைமுறையில் இருக்கிறது என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அமெரிக்கத் தொகுப்பு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. வெளியான உடனே எல்லா ஊர்களும் அதற்கு மாறிவிடுவதில்லை. இந்தியத் தொகுப்பும் உள்ளூர் அமைப்பு ஏற்றுக்கொண்ட அளவுக்கே கட்டுப்படுத்தும்.

ஒப்புதல் கேட்டு வரும் வரைபடங்களில் எனக்கு நம்பிக்கை தந்தவை அழகாக வரையப்பட்டவை அல்ல. அளவுக்கோட்டின் பக்கத்தில் ‘முடிந்த அளவு’ என்று எழுதி, படிக்கட்டின் வெட்டுத்தோற்றத்தில் தலைக்கு மேலுள்ள இடைவெளியை மிகக் குறுகிய இடத்தில் அளந்து காட்டியவை. மிகத் தாராளமான இடத்தில் அளந்து காட்டுபவர்களே அதிகம், அவர்களுடைய தாளை இரண்டாம் முறையும் புரட்டுவோம். குளியலறைக்கு 1,250 போதும் என்று வரைந்துவிடாதீர்கள். சுவர் தூக்குக்கு நிற்காமல் 10 மி.மீ. சாய்வது எல்லாக் கட்டுமிடத்திலும் நடப்பது. 1,280 என்று வரையுங்கள்.

கோட்டோவியன் எழுதியது:

கீல் சன்னலுக்கு வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். பீமை ஒரு மிதி நகர்த்தப் பொறியாளரும் சம்மதித்துவிட்டார். இங்கே கேட்பது 2,000 என்பதை எழுத்தில் வாங்கிவிட்டேன். குளியலறை 1,280 ஆனதில் அடுத்த அறையின் அலமாரி 80 மி.மீ. இழந்திருக்கிறது, அதை இன்னும் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.