சிங்கப்பூர் – பாங்காக் விமானம்: போக ஒன்றரை மணி, வர மூன்றரை மணியா?

கேள்வி:
சாங்கியிலிருந்து பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்துக்கு டிக்கெட் பார்க்கிறேன். காலை 10.00 புறப்பாடு, 11.25 வருகை என்று போட்டிருக்கிறது. திரும்பும்போது 10.00க்குக் கிளம்பினால் 1.25 ஆகிவிடுகிறது. ஒரே தூரத்துக்கு ஏன் இந்த வித்தியாசம்? போகிற அன்றே மாலை 4 மணிக்கு பாங்காக்கின் இன்னொரு விமான நிலையமான டான் முவாங்கிலிருந்து சியாங் மாய்க்குத் தனி டிக்கெட் போடலாமா?

பதில் 1:
இரண்டு பக்கமும் 2 மணி 25 நிமிடம்தான். டிக்கெட்டில் அச்சாவது அந்தந்த ஊர் நேரம். தாய்லாந்துக் கடிகாரம் சிங்கப்பூரைவிட 1 மணி நேரம் பின்னால் ஓடுகிறது. போகும்போது 1 மணி கூட்டுங்கள், வரும்போது கழியுங்கள், கணக்கு சரியாக வரும்.

காற்றால் வரும் வித்தியாசம் இந்தத் தடத்தில் குறைவு. பாதை ஏறக்குறைய தெற்கு வடக்காகப் போகிறது. பூமத்திய ரேகைப் பக்கம் மேல்காற்றும் அவ்வளவு பலமாக இருக்காது.

பதில் 2:
தூரத்தையும் சொல்லிவிடுகிறேன். நேர்க்கோட்டில் சுவர்ணபூமிக்குச் சுமார் 1,410 கிமீ, டான் முவாங்குக்குச் சுமார் 1,435. மணிக்கு 840 கிமீ என்று வகுத்தால் 1 மணி 40 நிமிடம் வரும், ஆனால் முழு வேகம் நடுவழியில் மட்டும்தான். 36,000 அடியிலிருந்து இறங்க 200 கிமீக்கு முன்பே தொடங்க வேண்டும்; 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கிமீதான். அட்டவணை நேரமோ விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுபக்கம் போய் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் காத்திருப்பதும் அதில் அடங்கும். மழைக்காலப் பிற்பகல்களில் இடிமழை வந்தால் வானிலேயே வட்டமடிக்க வைப்பார்கள்.

பதில் 3:
4 மணி டிக்கெட் வேண்டாம். தனி டிக்கெட் என்றால் பெட்டி தானாக அடுத்த விமானத்துக்கு மாறாது. குடிநுழைவு முடித்து, பெட்டியை எடுத்து வெளியே வரவே 12.45 ஆகலாம். டான் முவாங் ஊரின் வடக்கே இருக்கிறது. இரண்டு நிலையத்துக்கும் இடையே இலவசப் பேருந்து உண்டு, அடுத்த விமானத்தின் டிக்கெட்டைக் காட்ட வேண்டும். காத்திருப்பும் நெரிசலும் சேர்த்தால் 2.30 ஆகிவிடும். பெட்டி ஒப்படைக்கும் கவுண்டரை 45 நிமிடம் முதல் 1 மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். கையில் மிஞ்சுவது அரை மணி. முதல் விமானம் தாமதமானால் அதுவும் போச்சு, பணமும் திரும்பாது.

சுவர்ணபூமியிலிருந்தே சியாங் மாய்க்கு விமானங்கள் உண்டு. இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் இன்னும் நல்லது. டான் முவாங்தான் வேண்டுமென்றால் சிங்கப்பூரிலிருந்தே அங்கே நேராக இறங்குகிற விமானத்தைப் பாருங்கள்.

கேட்டவர்:
புரிந்தது, சுவர்ணபூமியிலிருந்தே போட்டுவிடுகிறேன். வேறு ஏதாவது முன்கூட்டியே செய்ய வேண்டுமா?

பதில் 2:
தாய்லாந்தின் மின்னணு வருகை அட்டை. 2025 மே 1 முதல் கட்டாயம். இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்பலாம். கட்டணம் கிடையாது, பணம் கேட்கிற தளம் அரசுத் தளம் அல்ல, மூடிவிடுங்கள். சிங்கப்பூர் திரும்பும்போது அந்நாட்டு வருகை அட்டைக்கும் அதே 3 நாள் கணக்கு.