கலூர் போனவரு சட்டை போட்டுருந்தாரா இல்லையா?

செல்லூர் கீப்பர்:
நேத்து ராத்திரி இங்க ஒரு வீர வரலாறு படிச்சேன், அதுலருந்து தூக்கம் வரல. நம்ம பைபாஸ் பத்து எழுதிருக்காப்ள, 2023 நவம்பர் 29 புதன்கிழமை கொச்சி கலூர் ஸ்டேடியத்துல கேரளா பிளாஸ்டர்ஸ் - நம்ம சென்னையின் ஐஎஸ்எல் ஃபுட்பால் மேட்சுக்கு மதுரைலருந்து தனி ஆளா போனாராம், அம்புட்டு பிளாஸ்டர்ஸ் மஞ்சளுக்கு நடுவுல "நான் ஒருத்தன் மட்டும் நீல ஜெர்சியோட நெஞ்ச நிமித்தி உக்காந்துருந்தேன்"னு. 64 பேரு ஹார்ட்டு வேற விட்டுருக்கீங்க. ஒருத்தராச்சும் கீழ அவரே போட்ட போட்டோவ பெருசாக்கிப் பாத்தீங்களாய்யா? கழுத்துக்கிட்ட நீலம் ஒரு விரக்கடை தெரியுது, அம்புட்டுத்தேன். அதுக்கு மேல கட்டம் போட்ட முழுக்கை சட்டை. மேல் பட்டன் ஒன்னைத் தவிர மிச்சம் எல்லாம் ஒழுங்கா போட்டுருக்கு. இதுக்குப் பேரு நெஞ்ச நிமித்துறதாய்யா?

பைபாஸ் பத்து:
அண்ணே, நல்லா இருக்கீங்களா. அது மெட்ரோவுல எடுத்த போட்டோ. உள்ள ஏசி குளிரு. அதேன் சட்டை. ஸ்டேடியத்துக்குள்ள போனதும் கழட்டிட்டேன். வேற ஏதாச்சும் வேலை இருந்தா பாருங்க.

செல்லூர் கீப்பர்:
குளிரா? மக்களே கவனிங்க. இவரு செவ்வாக்கிழமை சாயங்காலம் அமிர்தா எக்ஸ்பிரஸ்ல ஏறி திண்டுக்கல், பழனி, பாலக்காடுன்னு சுத்தி எர்ணாகுளம் நார்த்துல இறங்கி ரூம் போட்டேன்னு அவரே எழுதிருக்காரு. நார்த்துலருந்து வெளிய வந்தா டவுன் ஹால் மெட்ரோ. அடுத்தது கலூர். அதுக்கு அடுத்தது ஸ்டேடியம். ரெண்டே ரெண்டு ஸ்டேஷன். சிம்மக்கல்லுல ஏறி கோரிப்பாளையத்துல இறங்குற நேரம். அதுக்குள்ள உனக்குக் குளிரெடுத்து, பையத் தொறந்து, சட்டைய எடுத்து, மாட்டி, ஆறு பட்டனும் போட்டு, போட்டோவும் எடுத்துட்டியா? நீ ஃபுட்பால் ரசிகனா இல்ல ஜவுளிக்கடை பொம்மையா?

புதூர் அக்கா:
அழகரு ஆத்துல இறங்குறப்ப பச்சைப் பட்டா சிவப்புப் பட்டான்னு ஊரே பெட்டிக்குள்ள எட்டிப் பாக்கும், அதுக்கப்புறம் ஒரு துணிக்கு இம்புட்டு அடிதடி இங்கதேன் பாக்குறேன் 😂

கம்பத்துக்காரன்:
கீப்பர் அண்ணே, அவரு சட்டை போட்டா என்ன போடாட்டி என்ன. எங்க ஆளுக யாரும் நீலச் சட்டையப் பாத்து அடிக்க மாட்டாங்க. நான் நாலு தடவ கலூர்ல பாத்துருக்கேன், சென்னை ஜெர்சி போட்டவங்களுக்கு வழி சொல்லி ஆட்டோ ஏத்தி விட்டுருக்காங்க. சும்மா பில்டப் குடுக்காதீங்க ரெண்டு பேரும்.

செல்லூர் கீப்பர்:
"எங்க ஆளுக"ளா?? கம்பம் எப்பத் தம்பி கேரளாவுக்குப் போச்சு? பென்னிகுவிக் படத்த வீட்ல மாட்டி பொங்கலுக்கு மாலை போடுறது, மேட்சுன்னா மஞ்சக் கொடியத் தூக்கிட்டு குமுளி மலை ஏறுறது. நல்லாருக்குய்யா.

கம்பத்துக்காரன்:
அண்ணே, பென்னிகுவிக்க எதுக்கு இழுக்குறீங்க? எங்க ஊர்லருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல. கொச்சி அதுல பாதி கூட கிடையாது. குமுளி, பீர்மேடு, கோட்டயம்னு காலைல பஸ் ஏறுனா மத்தியானம் சாப்பாட்டுக்கு அங்க இருப்பேன். எனக்கு எது பக்கமோ அதுதேன் என் டீம். உங்களுக்கு மட்டும் சென்னை என்ன பக்கத்து வீடா? மாட்டுத்தாவணில ஏறுனா 460 கிலோமீட்டர். மதுரைக்காரனுக்கு சென்னையோட மெரினா அரினா ஸ்டேடியமுந்தேன் அவே கிரவுண்டு, அதாவது வெளியூர் கிரவுண்டு.

வாடிவாசல் வாத்தி:
தம்பி ஒரு நல்ல பாயின்ட் சொல்லிருக்காரு. முதல்ல "அவே ரசிகர்"னா யாருன்னு ஒரு முடிவுக்கு வருவோம். தூரத்த வச்சா, டிக்கெட் வாங்குன ஸ்டாண்ட வச்சா, இல்ல உடுப்ப வச்சா? அலங்காநல்லூர்ல மாடுபிடி வீரருக்கு ரவுண்டுக்கு ஒரு கலர் பனியன் குடுக்குறாங்க, அதுக்காக அவரு வேற ஊர்க்காரரா ஆயிர்றாரா? அது மாதிரி

செல்லூர் கீப்பர்:
வாத்தி, வகுப்பு அப்பறம். பட்டன் கணக்கு முடியட்டும்.

பைபாஸ் பத்து:
சரிண்ணே, முழுசாவே சொல்றேன், கேட்டுட்டு வாய மூடிக்கணும். ராத்திரி எட்டு மணி மேட்ச். ஆறரைக்கெல்லாம் உள்ள போயிட்டேன். அந்த ஸ்டேடியம் கிரிக்கெட்டுக்கும் சேத்து வட்டமா கட்டுனது, மேல் ஸ்டாண்டுல உக்காந்தா பந்து பட்டாணி சைசுக்குத் தெரியும், ஆனா சத்தம் இருக்கே, தரை அதிருது. எனக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னப் பையன், அந்தப் பக்கம் வேட்டி கட்டுன ஒரு பெரியவரு, மடியில கடலைப் பொட்டலம். விசில் ஊதி முழுசா ஒரு நிமிஷம் ஆகல, நம்ம டீம் ரஹீம் அலி கோல் அடிச்சுட்டான். எனக்கு ஒன்னும் ஓடல, எந்திரிச்சுக் கத்திட்டேன். சுத்தி அம்புட்டுப் பேரும் அமைதியா இருக்காங்க, என் தொண்டை மட்டும் கேக்குது. பெரியவரு மடியில இருந்த கடலை பூராம் என் கை பட்டுக் கீழ கொட்டிருச்சு. அவரு என்னைய ஒரு பார்வ பாத்தாரு பாருங்க. அப்பறம் மிச்சம் இருந்ததுல நாலு கடலைய எடுத்து என் கையில குடுத்துட்டு "இருந்நோ இருந்நோ"ன்னாரு. 24 நிமிஷத்துல நம்ம 3-1. அப்பறம் மூணுக்கு மூணு ஆச்சு, அது வேற வயித்தெரிச்சல். இதையெல்லாம் அனுபவிச்சவன் நான். வீட்ல போன்ல பாத்தவரு பட்டன எண்ணிட்டு இருக்காரு.

செல்லூர் கீப்பர்:
கடலைக் கதை அருமை, கண்ணு கலங்கிருச்சு. ஆனா அந்தக் கதையில சட்டை எங்க? ஆறரைக்கு உள்ள போனேன்ற, சட்டைய எப்பக் கழட்டுனன்னு ஒரு வார்த்த இல்ல. நேத்துப் பதிவுல நீயே எழுதுனத அப்படியே போடுறேன்: "கோல் விழுந்ததும் எந்திரிச்சு ஜெர்சியக் காட்டினேன்". காட்டினேன்னா என்னய்யா அர்த்தம்? அது வரைக்கும் மறைச்சு வச்சிருந்தேன்னுதான? முதல் நிமிஷத்துல கோலு. ஆறு பட்டன். எந்திரிச்சு, கத்தி, கடலையக் கொட்டி, பட்டனையும் கழட்டிட்டியா? ரஹீம் அலிய விட நீ வேகமால்ல இருக்க, உன்னையல்லாடா இந்தியா டீம்ல எடுக்கணும்.

புதூர் அக்கா:
அய்யோ இது நெசமாவே மாட்டிக்கிட்டாப்ள

பைபாஸ் பத்து:
காட்டினேன்னா ஜெர்சில இருக்குற லோகோவப் புடிச்சுக் காட்டுனேன்னு அர்த்தம், பிளேயருக செய்வாங்கள்ல அது மாதிரி. தமிழ் தெரிஞ்சாப் புரியும். அக்கா நீங்களுமா?

செல்லூர் கீப்பர்:
முதல்ல மெட்ரோ குளிரு. இப்ப லோகோ. நாளைக்கு தையக்கடைக்காரன் பட்டன் வைக்கலன்னு வரும். ஒரே கேள்வி: சட்டைய எப்பக் கழட்டுன? மணி சொல்லு.

பைபாஸ் பத்து:
ஏழு மணி. பிளேயருக வார்ம்-அப் வந்தப்ப. போதுமா?

செல்லூர் கீப்பர்:
போட்டோ?

பைபாஸ் பத்து:
இவரு பெரிய ஃபோரன்சிக்கு. இங்க பாருங்க மக்களே, இவருக்கு எரிச்சல் சட்டை மேல இல்ல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ரேஸ்கோர்ஸ்ல டீமுக்கு ஏழு பேரா செவன்ஸ் ஆடுனோம், இவரு கீப்பரு. நான் மூணு போட்டேன், ஒன்னு இவரு ரெண்டு காலுக்கு நடுவுல. அன்னைலருந்து நான் என்ன எழுதுனாலும் வந்து ஒரண்டை இழுக்குறாரு.

செல்லூர் கீப்பர்:
அதுல ரெண்டாவது கோல் ஆஃப்சைடு. அன்னைக்கும் சொன்னேன் இன்னைக்கும் சொல்றேன். அந்த ரெஃப்ரி உன் சித்தப்பா மகன். அதோட அன்னைக்கு நீ போட்டுருந்த ஸ்டட்ஸ் ஷூ யாருது? என்னுது. பன்னெண்டு மணி மேட்சுக்கு பதினொன்றைக்கு வந்து "அண்ணே ஒரு தடவண்ணே"ன்னு வாங்கிட்டுப் போனவன், இன்னும் திருப்பித் தரல. என் ஸ்டட்ஸ மாட்டிக்கிட்டு எனக்கே கோல் போட்டுட்டு அதப் பெருமையா வேற பேசுறான் பாருங்க.

கம்பத்துக்காரன்:
செவன்ஸ்ல ஆஃப்சைடா? எங்கிட்டு ஆடுனாலும் செவன்ஸ்ல ஆஃப்சைடு பாக்க மாட்டாங்களேண்ணே 🤔

செல்லூர் கீப்பர்:
தம்பி, மூணு தடவ ஃபைனல் போய் மூணும் தோத்த டீமோட ஆளு எனக்கு ரூல் சொல்லித் தர வேணாம். 2014, 2016, 2022. அதுல 2016 உங்க கலூர்லயே, பெனால்டில, கொல்கத்தாக்காரன் கப்பத் தூக்கிட்டுப் போனான். நாங்க ரெண்டு கப்பு அடிச்சவங்க. 2023 மார்ச் 3 பெங்களூர்ல சுனில் சேத்ரி ஃப்ரீ கிக் அடிச்சதுக்கு கோவிச்சுக்கிட்டு பாதி மேட்சுல எந்திரிச்சுப் போனது யாரு? பந்திலருந்து கோவிச்சுட்டு எந்திரிக்கிற மாப்ள வீட்டுக்காரங்க மாதிரி. 4 கோடி ரூவா அபராதம் கட்டுனீங்கள்ல.

கம்பத்துக்காரன்:
பிளேயருக சுவரு மாதிரி வரிசையா நிக்கிறதுக்கு முன்னாடி அடிச்சா அது கோலா? நீங்க கீப்பர்தான, நீங்களே சொல்லுங்க. டீம வெளிய கூப்ட்டு எங்க கோச் செஞ்சது நூத்துக்கு நூறு சரி.

வாடிவாசல் வாத்தி:
விசிலுக்குக் காத்திருக்கணும்னு ரெஃப்ரி சொல்லலைன்னா டக்குனு அடிக்கலாம், விதில இடம் இருக்கு. அது கெடக்கட்டும், நான் கேட்ட அவே ரசிகர் விஷயத்துக்கு யாருமே

டிவிஎஸ் நகர் தோனி வெறியன்:
சம்பந்தமில்லாம ஒன்னு சொல்லவா. நம்ம தல கிரிக்கெட்ல மஞ்சள், ஃபுட்பால்ல நீல டீமுக்குப் பங்குதாரர். அப்ப கலூர்ல மஞ்சளப் பாத்து பத்து அண்ணனுக்கு விசில் அடிக்கத்தான தோணிருக்கும் 😜

செல்லூர் கீப்பர்:
வந்துட்டான். யாராச்சும் இவனக் கிரிக்கெட் குரூப்புல கொண்டுபோய் விடுங்கப்பா. நான் ஏன் இம்புட்டுச் சொல்றேன்னா, எனக்கு அருகதை இருக்கு. 2018 மார்ச் 17, பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியம், பெங்களூர் எஃப்சியோட ஃபைனல். மாட்டுத்தாவணில பஸ் ஏறும்போதே நீல ஜெர்சி. மேல சட்டை கிட்ட எதுவும் கிடையாது. ஓசூர் தாண்டுனப்ப விடியக்காத்து குளிருன்னா குளிரு, அப்பயும் போடல. சேத்ரி ஒன்பதாவது நிமிஷத்துல அடிச்சாரு, ஸ்டேடியமே எங்களப் பாத்துச் சிரிச்சுது. நம்ம மெய்ல்சன் ஆல்வெஸ் கார்னர்ல ரெண்டு தடவ தலைல போட்டான் பாருங்க, ரஃபேல் அகஸ்டோ ஒன்னு, 3-2, கப்பு. அவ்வளவு நேரமும் அத்தன ஆயிரம் பேரு முன்னாடி ஜெர்சியோட நின்னவன் நான். அதுக்குப் பேருதாம்ல அவே.

பைபாஸ் பத்து:
இருங்க இருங்க இருங்க. பெங்களூர் எஃப்சி ஜெர்சி என்ன கலரு?

புதூர் அக்கா:
🤭

பைபாஸ் பத்து:
சொல்லுங்கண்ணே. பெங்களூர் ஜெர்சி என்ன கலரு?

டிவிஎஸ் நகர் தோனி வெறியன்:
நீலம் டோய்

பைபாஸ் பத்து:
நீலம்!! நீலத்துக்குள்ள நீலச் சட்டையப் போட்டு உக்காந்துட்டு வந்தவரு என்னையக் கேள்வி கேக்குறாரு. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல ஒரு முழம் மல்லியப்பூவத் தலைல வச்சுக்கிட்டுப் போயி "நான் தனியாத் தெரிஞ்சேன்"ன்னு சொல்ற மாதிரி இருக்கு. பக்கத்துல இருந்தவன் உங்கள அவங்க ஆளுன்னு நெனச்சு தோள்ல கை போட்டுருப்பான்.

செல்லூர் கீப்பர்:
அது வேற நீலம்.

கம்பத்துக்காரன்:
😂😂😂😂

செல்லூர் கீப்பர்:
சிரிக்காதீங்க. அது வேற நீலம், இது வேற நீலம். பக்கத்துல வச்சுப் பாத்தவனுக்குத் தெரியும். அதோட எங்க ஆளுக கூட்டமா ஒரு பக்கம் நின்னோம், எல்லாருக்கும் தெரியும் நாங்க யாருன்னு.

பைபாஸ் பத்து:
கூட்டமா நின்னீங்களா? நான் தனியாப் போனேன். போட்டோ இருக்கா?

செல்லூர் கீப்பர்:
அந்த போன் தொலஞ்சுருச்சு.

பைபாஸ் பத்து:
ஆஹா.

செல்லூர் கீப்பர்:
என்ன ஆஹா? 2018ல வாங்குன போன் 2020ல பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் தொலஞ்சுது, கூட இருந்த என் மச்சானக் கேளு. பேச்ச மாத்தாத. நான் போட்டோ போட்டு பெருமையடிக்கல, நீ அடிச்ச. போட்டோவுல சட்டை இருக்கு. நான் கேட்டது பட்டனப் பத்தி. நீலத்தோட ஷேடப் பத்தி இல்ல.

வாடிவாசல் வாத்தி:
ரெண்டு பேரும் சொல்றதப் பாத்தா, ஒருத்தரு வேற கலருக்கு நடுவுல சட்டை போட்டுப் போயிருக்காரு, இன்னொருத்தரு ஒரே கலருக்கு நடுவுல சட்டை போடாமப் போயிருக்காரு. அப்ப அவே ரசிகர்ங்கற

செல்லூர் கீப்பர்:
வாத்தி நீங்க யாரு பக்கம்?

வாடிவாசல் வாத்தி:
நான் பக்கம் எல்லாம் இல்லப்பா, வரையறை

செல்லூர் கீப்பர்:
அப்ப சும்மா இருங்க.

புதூர் அக்கா:
ஏப்பா, என் மகன் அடுத்த தடவ கலூர் போகணும்னு ஒரே அடம். அமிர்தாவுல தட்கல் கெடைக்குமா, இல்ல ஆரப்பாளையத்துல குமுளி பஸ் ஏறிப் போறது நல்லதா? யாராச்சும் போனவங்க சொல்லுங்க

கம்பத்துக்காரன்:
அக்கா பஸ்லயே வாங்க, கம்பத்துல நானும் ஏறிக்கிறேன். தம்பிக்கு ஒரு மஞ்ச ஜெர்சி

செல்லூர் கீப்பர்:
அக்கா, மஞ்ச ஜெர்சி வாங்கிக் குடுத்தீங்கன்னா இந்தக் குரூப்ப விட்டே நான் போயிருவேன். நீலத்தையே போட்டு அனுப்புங்க, மேல கட்டம் போட்ட சட்டை ஒன்னு குடுத்து விடுங்க, நம்ம பத்து அண்ணன் எப்படிப் போடணும்னு சொல்லித் தருவாரு.

பைபாஸ் பத்து:
அக்கா டிக்கெட் விஷயம் தனியா மெசேஜ் பண்றேன். இங்க எழுதுனா அதுலயும் பட்டன் தேடுவாரு.

செல்லூர் கீப்பர்:
தேடுவேன். ஏழு மணிக்குக் கழட்டுனேன்னு சொன்னீல்ல? ஆறரைக்கு உள்ள போன. அப்ப அந்த அரை மணி நேரம் மஞ்சக் கூட்டத்துக்குள்ள முழுக்கை சட்டையோடதான உக்காந்துருந்த? அத மட்டும் ஆமா இல்லைன்னு சொல்லு.

பைபாஸ் பத்து:
செவன்ஸ்ல மூணு கோல் வாங்குனீங்களா இல்லையா? அத மட்டும் ஆமா இல்லைன்னு சொல்லுங்க.

செல்லூர் கீப்பர்:
ரெண்டு. நடுவுல உள்ளது ஆஃப்சைடு. ஸ்டட்ஸ ஞாயித்துக்கிழமைக்குள்ள செல்லூர் ரவுண்டானா டீக்கடைல குடுத்துட்டுப் போ. கழுவிட்டுக் குடு.