நீதிபதியாக அமராத எட்வின் மீஸின் பெயர் ஏன் இத்தனை இடங்களில் வருகிறது?

கேள்வி (சட்ட மாணவி):
அரசியல் சட்டத்தை இயற்றியவர்கள் கொண்ட பொருளையே நீதிமன்றம் பின்பற்ற வேண்டும் என்ற வாதம் அமெரிக்கத் தீர்ப்புகளில் எங்கே வந்தாலும் எட்வின் மீஸின் பெயரும் கூடவே வருகிறது. அதிபர் ரீகனின் ஆலோசகர் என்கிறார்கள், நீதித் துறைக்குத் தலைவரான அட்டர்னி ஜெனரல் என்கிறார்கள், புகார்களுக்கு நடுவே பதவி விலகியவர் என்கிறார்கள். அப்படி அவர் என்னதான் செய்தார்?

பதில் (ஓய்வுபெற்ற வழக்கறிஞர்):
அம்மா, அவர் அடிப்படையில் குற்றவியல் அரசு வழக்கறிஞர். கலிபோர்னியாவின் அலமீடா மாவட்டத்தில் பணியாற்றினார். 1964 டிசம்பரில் பெர்க்லி மாணவர் போராட்டத்தில் ஏறக்குறைய 800 பேர் கைதானபோது போலீஸ் பக்கம் நின்றவர். 1967இல் ரீகன் ஆளுநரானதும் அவரிடம் போய்ச் சேர்ந்தார். ஒரு விவகாரத்தில் பத்துப் பேர் பத்து விதமாகப் பேசினாலும், யாருக்கும் குறை வைக்காமல் ரீகனுக்குச் சுருக்கிச் சொல்வதில் கெட்டிக்காரர். அந்தத் திறமையே அவரை 1981இல் வெள்ளை மாளிகைவரை கொண்டுபோனது.

நிர்வாகம் மட்டும் அவருக்குக் கைவரவில்லை. ரீகனுக்கு மிக நெருக்கமான உதவியாளர்களாக வெள்ளை மாளிகையில் இருந்த ஜேம்ஸ் பேக்கர், மைக்கேல் டீவர், மீஸ் ஆகிய மூவரில் இவருடைய கைப்பெட்டிதான் கேலிக்கு ஆளானது. அதற்குள் போன காகிதம் வெளியே வராது என்பார்கள். கழுத்தில் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் உருவம் போட்ட டை வேறு!

அவருடைய முக்கியமான வேலை 1985இல் அட்டர்னி ஜெனரல் ஆன பிறகுதான் தொடங்கியது. அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்க வழக்கறிஞர் சங்கக் கூட்டத்தில், அரசியல் சட்டத்தின் மூல நோக்கத்தைப் பற்றி அவர் பேசிய பேச்சு, அதுவரை பேராசிரியர்கள் தங்களுக்குள் நடத்திய வாதத்தை அரசின் கொள்கையாக்கியது. அதைவிடப் பெரியது ஆள் சேர்ப்பு. 1985 நவம்பரில் அவருடைய துறையில் உயர்பதவிக்கு மனுப் போட்ட ஒரு இளம் வழக்கறிஞர், கருக்கலைப்புக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு இல்லை என்பது தன் உறுதியான நம்பிக்கை என்று மனுவிலேயே எழுதினார். வேலையும் கிடைத்தது. அவர் பெயர் சாமுவேல் அலிட்டோ. 2022இல் கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நீதிபதியாக எழுதியவரும் அவரே.

பதில் (பத்திரிகைத் துறையில் இருந்தவர்):
ஐயா புகார்களைத் தொடவே இல்லையே. வெட்டெக் என்ற ராணுவ ஒப்பந்த நிறுவனத்தின் விவகாரத்தில் மீஸ்மீது தனி விசாரணை நடந்தது. அவருடைய துறையிலேயே இரண்டாம் நிலையில் இருந்த ஆர்னால்ட் பர்ன்ஸும் குற்றவியல் பிரிவின் தலைவர் வில்லியம் வெல்டும் 1988 மார்ச்சில் ஒரே நாளில் பதவி விலகினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் அல்ல, ரீகன் நியமித்தவர்கள்! மீஸ் சட்டத்தை மீறியிருக்கக்கூடும் என்று விசாரணை அறிக்கை சொன்னது, வழக்குத் தொடரவில்லை. ஆகஸ்டில் அவரும் போய்விட்டார்.

பதில் (ஓய்வுபெற்ற வழக்கறிஞர்):
மறுக்கவில்லை, தம்பி. நாட்டின் முதல் சட்ட அதிகாரி அந்த நிலையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தது அழகல்ல. ஆனால் பதவி போனதும் பெரும்பாலோர் நினைவுக் குறிப்பு எழுதப் போய்விடுவார்கள். இவர் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற பழமைவாத ஆய்வு அமைப்பில் உட்கார்ந்து பல ஆண்டுகள் அதே கருத்துக்கு ஆள் வளர்த்தார். 2019இல் டிரம்ப் அவருக்கு நாட்டின் உயரிய குடிமக்கள் விருதான சுதந்திரப் பதக்கம் அளித்தது அந்தக் காலத்துக்கும் சேர்த்துத்தான்.

சட்ட மாணவி:
நன்றி ஐயா. முதலில் எதைப் படிக்கட்டும்?

பதில் (ஓய்வுபெற்ற வழக்கறிஞர்):
அந்த 1985 ஜூலைப் பேச்சை. கையோடு, அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்ற நீதிபதி பிரென்னன் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையையும். மூல நோக்கத்தை இத்தனை காலம் கடந்து துல்லியமாக அறிவோம் என்பது பணிவு வேடம் பூண்ட ஆணவம் என்கிறார் அவர். என் மனம் பிரென்னன் பக்கம். நீ மீஸை முதலில் முழுதாகப் படித்துவிடு.