'தி கோ-பிட்வீன்' 2015 படத்தைப் பார்த்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். எல். பி. ஹார்ட்லி 1953-இல் எழுதிய 'தி கோ-பிட்வீன்' நாவலைப் படித்துவிட்டேன். ஹெரால்ட் பின்டர் திரைக்கதையில் ஜோசப் லோசி இயக்கிய 1971 படத்தையும் பார்த்துவிட்டேன். 1900-ஆம் ஆண்டுக் கோடை, இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ஒரு மாளிகை. அந்த வீட்டுப் பெண் மரியனுக்கும் குத்தகை விவசாயி டெட்டுக்கும் இடையே கடிதம் சுமக்கிறான் அங்கே விருந்தாளியாக வந்த 12 வயது லியோ.

காதலர்களைவிட அந்தச் சிறுவன்தான் என்னை உலுக்கிவிட்டான். கொளுத்தும் வெயிலில் தடித்த உடையோடு வந்து நிற்கிறான். கோடை உடை வாங்க வசதியில்லை என்பதை மறைக்கப் பொய் சொல்கிறான். மரியன் பச்சை நிற உடை வாங்கித் தருகிறாள். அந்த அன்புக்குக் கட்டுப்பட்டுத்தானே தூது போகிறான்! வர்க்க பேதத்தை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன கதையை நான் படித்ததில்லை.

பிபிசியின் 2015 தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? இந்த உடை விஷயத்துக்கு அதில் இடம் கொடுத்திருக்கிறார்களா? அந்தக் கோடையை நினைத்துப் பார்க்கும் முதிய லியோ 1971 படத்தைப்போல நடுநடுவே வருகிறாரா, நாவலைப்போலத் தொடக்கத்திலும் இறுதியிலும் மட்டுமா? அடுத்த மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதைப் பற்றிப் பேசவிருக்கிறேன். முறையாகக் கட்டணம் செலுத்திப் பார்க்க வழி இருந்தாலும் சொல்லுங்கள். கதையின் முடிவை மட்டும் இங்கே எழுதிவிடாதீர்கள். படிக்காதவர்கள் பலர் இருக்கிறார்கள்.