கோப்புறை உரிமையை நீக்கிய பிறகும் பயனர் உள்ளே போகிறார் (சி ஷார்ப், விண்டோஸ்)

கணக்குப்பெட்டி:
வணக்கம். அலுவலக சர்வரின் டி டிரைவில் 'சம்பளம்' என்று ஒரு கோப்புறை. ஒருவர் வேறு பிரிவுக்கு மாறிவிட்டார், அவருடைய உரிமையை நிரல் மூலம் எடுக்க வேண்டும். கெட்ஆக்சஸ்கன்ட்ரோல் (உரிமைப் பட்டியலை வாங்க), ரிமூவ்ஆக்சஸ்ரூல் (அவர் விதியை எடுக்க), செட்ஆக்சஸ்கன்ட்ரோல் (சேமிக்க) என்று வரிசையாகக் கொடுத்தேன். பிழை ஒன்றும் வரவில்லை, ஆனால் கோப்புறையின் பிராப்பர்ட்டீஸில் உள்ள செக்யூரிட்டி டேபில் அவர் பெயர் அப்படியே இருக்கிறது. அட்மினாகத்தான் ஓட்டினேன்.

இரவுப்பணி:
உரிமைகளைப் பட்டியலிடும் ஐகாக்ல்ஸ் கட்டளை கொடுத்துப் பாருங்கள். அவர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒற்றை 'ஐ' இருக்கிறதா? மேல் கோப்புறையிலிருந்து வந்த உரிமைக்கு அதுதான் குறி.

கணக்குப்பெட்டி:
இருக்கிறது. மேல் கோப்புறையில் கை வைக்க முடியாது அண்ணா, அங்கே அவருக்கு வேலை இருக்கிறது.

சும்மா_வந்தேன்:
எதற்கு இத்தனை? அவர் பெயருக்கு ஒரு டினை ரூல் (மறுப்பு விதி) போடுங்கள், முடிந்தது.

இரவுப்பணி:
ஒரு ஆளுக்கு என்றால் பரவாயில்லை. பயனர்கள் எல்லாரும் அடங்கும் யூசர்ஸ் குழுவுக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள், அட்மினையும் சேர்த்தே தடுக்கும். நானே ஒருமுறை அப்படி வெளியே நின்றிருக்கிறேன்.

உங்கள் சிக்கல் வேறு. அந்த 'ஐ' இருந்தால் உரிமை மேலிருந்து இறங்கியது, இங்கே நீக்கினால் போகாது. முதலில் செட்ஆக்சஸ்ரூல்புரொடெக்‌ஷனுக்கு ட்ரூ, ட்ரூ கொடுத்துச் சேமியுங்கள். மேல் கோப்புறையுடன் தொடர்பு அறுந்து, பழைய விதிகள் இந்தக் கோப்புறையின் சொந்த விதிகளாக நகலாகும். இரண்டாவதை ஃபால்ஸ் ஆக்கினால் அவை எல்லாமே போய்விடும், கவனம். அப்புறம் கெட்ஆக்சஸ்கன்ட்ரோலை மறுபடி அழைக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: பழைய ஆப்ஜெக்டில் அவை இன்னும் மேலிருந்து வந்தவையாகவே இருக்கும். புதிதாக வாங்கியதில் பர்ஜ்ஆக்சஸ்ரூல்ஸ் கொடுத்துச் சேமியுங்கள். ரிமூவ்ஆக்சஸ்ரூல் நீங்கள் சொன்ன உரிமையை மட்டும் கழிக்கும், பர்ஜ் அந்த ஆளுக்குரிய எல்லாவற்றையும் துடைக்கும்.

கணக்குப்பெட்டி:
பெயர் போய்விட்டது! ஆனால் மனிதர் இன்னும் கோப்பைத் திறக்கிறார்.

இரவுப்பணி:
யூசர்ஸ், ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் (உள்நுழைந்த எல்லாரும்) என்ற இரண்டு குழுக்களும் பட்டியலில் இருக்குமே? டிரைவின் வேரிலிருந்து அவையும் நகலாகியிருக்கும், அவர் அந்த வழியாக வருகிறார். சம்பளப் பிரிவுக்கு ஒரு குழு அமைத்து உரிமை கொடுங்கள். பிறகு அந்த இரண்டையும் பர்ஜ் செய்யுங்கள். அட்மினும் சிஸ்டமும் (விண்டோஸின் சொந்தக் கணக்கு) இருக்கட்டும்.

கணக்குப்பெட்டி:
செய்துவிட்டேன். புதிதாகத் திறந்தால் மறுக்கிறது. ஆனால் காலையிலிருந்து அவர் திறந்தே வைத்திருக்கும் ஒரு எக்செல் மட்டும் அப்படியே இருக்கிறது.

இரவுப்பணி:
உரிமைச் சோதனை திறக்கும்போதுதான் நடக்கும். கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில் ஓப்பன் ஃபைல்ஸ் போய் மூடுங்கள். அதற்கு முன் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், சேமிக்காமல் வைத்திருப்பார்.