வேய்ன்ஸ் தண்டமா? 11க்கும் 18க்கும் நடுவே ஒரு பஞ்சாயத்து

ஊதாக்கொம்பு:
பக்கத்துத் திரியில் கார்னர்கடை என்பவர் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "மின்னசோட்டா வைக்கிங்ஸ் 2013 முதல் 2022 வரை முதல் இரண்டு சுற்றில் ஆறு கார்னர்பேக் எடுத்தது. ரோட்ஸ் தவிர ஐந்தும் தண்டம். ஐந்தில் பெரிய தண்டம் ட்ரே வேய்ன்ஸ்." அதற்கு எழுபது பேர் விருப்பக்குறி வேறு. அங்கே பதில் எழுதினால் காணாமல் போய்விடும் என்பதால் தனித் திரி.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி: வைக்கிங்ஸ் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்-இல் ஆடும் அணி, டிராஃப்ட் என்பது அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாக வரிசைப்படி எடுப்பது, கார்னர்பேக் (கார்னர்) எதிரணியில் பந்து பிடிப்பவரை மறிக்கும் தற்காப்பு வீரர். கணக்கை முதலில் வைக்கிறேன், எண் எல்லாம் டிராஃப்டில் எடுத்த இடம். 2013இல் சேவியர் ரோட்ஸ், 25ஆவது. 2015இல் வேய்ன்ஸ், 11. 2016இல் மெக்கென்ஸி அலெக்ஸாண்டர், 54. 2018இல் மைக் ஹியூஸ், 30. 2020இல் ஜெஃப் கிளாட்னி, 31. 2022இல் ஆண்ட்ரூ பூத், 42. இதில் வேய்ன்ஸ் முழுசாக ஐந்து வருடம் இங்கே ஆடினார். நாலு வருட ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டும் ஐந்தாம் ஆண்டு ஆப்ஷனை அணியே எடுத்து, 2019க்கு சுமார் 90 லட்சம் டாலர் கொடுத்தது. 2020இல் சின்சினாட்டி மூன்று வருடத்துக்கு 4.2 கோடி டாலர் பேசித் தூக்கிக்கொண்டு போனது. தண்டத்துக்கு எவன் ஐயா 4.2 கோடி கொடுப்பான்?

கார்னர்கடை:
சின்சினாட்டி கொடுப்பான். கொடுத்தானே. மார்புத் தசை கிழிஞ்சு 2020இல் ஒரு ஆட்டம்கூட ஆடல. நல்ல சாட்சியா பார்த்துக் கூப்பிட்டீங்க அண்ணே.

நான் கேட்டது ஒரே கேள்வி, அதுக்கு மட்டும் பதில் இல்ல. நாம 11இல் வேய்ன்ஸ். அதே டிராஃப்ட்ல 18இல் கன்சாஸ் சிட்டி எடுத்தது மார்கஸ் பீட்டர்ஸ். முதல் வருஷமே 8 இன்டர்செப்ஷன் (எதிரணி வீசின பந்தைப் பறிக்கிறது), அந்த ஆண்டின் சிறந்த தற்காப்புப் புதுமுகம். அடுத்த வருஷம் 6, அதுக்கடுத்து 5. மூணு வருஷத்துல 19. வேய்ன்ஸ் இங்க அஞ்சு வருஷத்துல 7. 11க்கும் 18க்கும் நடுவுல ஏழு இடம் கீழே இறங்கி, கூடுதலா ஒரு பிக்கும் (டிராஃப்ட்ல ஆள் எடுக்கிற இடம்) வாங்கிக்கிட்டு, பீட்டர்ஸையே எடுத்திருக்கலாம்.

ஊதாக்கொம்பு:
இன்டர்செப்ஷனை எண்ணிக் கார்னரை எடைபோடுவது, சோற்றில் கல்லை எண்ணிச் சமையலை எடைபோடுவது மாதிரி.

அப்போதைய நம் தலைமைப் பயிற்சியாளர் மைக் ஸிம்மரின் தற்காப்பில், ஓரத்தில் நிற்கும் வெளிக்கார்னரின் வேலை என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எதிராளிக்கு ஒரு யார்ட் முன்னால் முகத்துக்கு முகம் நிற்க வேண்டும். பந்து நகர்ந்ததும் இடுப்பைத் திறக்கக் கூடாது. தோள் நேராக இருக்க, இரண்டு சிறு அடி பக்கவாட்டில் சறுக்கி, ஒரு கையால் நெஞ்சில் குத்தி அவன் வேகத்தை உடைத்து, அதற்கப்புறம்தான் திரும்பி ஓட வேண்டும். இடுப்பை முன்கூட்டித் திறந்தால் அவன் உள்பக்கம் குறுக்காக (ஸ்லான்ட்) வெட்டிப் போய்விடுவான். இரண்டு கையையும் நீட்டினால் எடை முன்னால் சாய்ந்துவிடும், ஒரே தட்டில் தாண்டிவிடுவான். இந்த வேலையில் முகம் பந்துவீசுபவன் பக்கம் இருக்காது, ஆள் மேல் இருக்கும். பீட்டர்ஸ் ஆடியதோ ஏழெட்டு யார்ட் தள்ளி நின்று, பந்துவீசும் குவார்ட்டர்பேக்கின் கண்ணைப் படித்துப் பாய்கிற ஆட்டம். பாய்ந்து பிடித்தால் இன்டர்செப்ஷன். தவறினால் பின்னால் யாரும் இல்லை, எதிராளி எல்லைக்கோட்டைத் தாண்டி நேரே டச்டவுன். ஸிம்மர் அதை ஒரு வாரம் பொறுத்திருப்பாரா?

இன்னொன்று. 2014 சீசன் நடுவிலேயே வாஷிங்டன் பல்கலைக்கழகம் பயிற்சியாளர்களோடு தகராறு என்று பீட்டர்ஸை வெளியேற்றியது. 11ஆவது இடத்தில் அந்த ஆபத்தை யார் தலையில் கட்டுவது?

கார்னர்கடை:
11இல் வேண்டாம். 18இல். நான் எழுதினதே 18. படிச்சீங்களா?

மூணாவதுடவுன்:
ரெண்டு பேரும் 2015ஐ விட்டு வாங்க. உண்மையான பாவம் 2018இல் ஹியூஸ். அந்த மார்ச்சில் ஜோ பெர்கர் ஓய்வு வாங்கிட்டாரு, முன்வரிசையில நின்னு குவார்ட்டர்பேக்கைக் காக்கிற கார்டு இல்ல. குவார்ட்டர்பேக் கர்க் கசின்ஸுக்கு மூணு வருஷம் 8.4 கோடி டாலர், முழுசும் உத்தரவாதம். அவருக்கு முன்னாடி நிக்க ஆள் வேணாமா? 30இல் நாம கார்னர் எடுத்தோம், நாலு இடம் தள்ளி 34இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் கார்டு வில் ஹெர்னாண்டஸை எடுத்தாங்க. அந்த வருஷம் நம்ம இடது கார்டு யாருன்னு யாராவது பார்க்காம சொல்லுங்க பார்ப்போம்.

கார்னர்கடை:
30இல் ஹியூஸ், 32இல் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன். கார்டாம் கார்டு.

ஊதாக்கொம்பு:
8.4 கோடிக்கு ஒரு குவார்ட்டர்பேக்கை மார்ச்சில் வாங்கிவிட்டு ஏப்ரலில் இன்னொருவரை முதல் சுற்றில் எடுக்கிற அணி எது? ஹியூஸ் தன் முதல் ஆட்டத்திலேயே சான் ஃபிரான்சிஸ்கோவின் கரோப்பலோ பந்தைப் பிடித்து 28 யார்ட் ஓடி டச்டவுன் போட்டார். அக்டோபரில் அரிசோனாவுக்கு எதிராக முழங்கால் தசைநார் அறுந்தது. அப்புறம் கழுத்து. அதை டிராஃப்ட் மேசையில் இருந்தவன் எப்படிப் பார்க்க முடியும்?

ஸ்கோல்_செல்வி:
சண்டைக்கு நடுவே ஒரு சின்ன விஷயம். "தண்டம்" என்றால் என்ன என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. முதல் சுற்றையும் இரண்டாம் சுற்றையும் ஒரே கூடையில் போட்டிருக்கிறீர்கள். முதல் சுற்று வீரருக்கு மட்டும்தான் ஐந்தாம் ஆண்டு ஆப்ஷன் உண்டு. அலெக்ஸாண்டர் 54, பூத் 42. அவர்களுக்கு நாலு வருடத்தோடு சரி. உள்பக்கம் நிற்கும் ஸ்லாட் கார்னர் வேலையும் வெளிக்கார்னர் வேலையும் வேறு. எந்த அளவுகோல் என்று முடிவு பண்ணிவிட்டுப் பேசினால் நல்லது.

கூடவே, அந்த ஐந்து "தண்டத்தில்" கிளாட்னி பெயரை எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு சீசன் ஆடினார், 2021 ஆகஸ்டில் விடுவிக்கப்பட்டார், 2022 மே மாதம் சாலை விபத்தில் இறந்துபோனார். இறந்தவரைப் பட்டியலில் வைத்துக் கேலி பேசுவது நன்றாக இல்லை.

கார்னர்கடை:
சரிக்கா, அவர் பேரை விட்டுடறேன். நாலு தண்டம்.

11, 18.

ஊதாக்கொம்பு:
செல்வி அம்மா சொன்னதும் சரிதான், ஆனால் அளவுகோலுக்கு அப்புறம் வருவோம். முதலில் இந்த 18ஐ முடித்துவிடுகிறேன்.

வேய்ன்ஸ் முதல் வருடம் ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தொடக்க வரிசையில் இறங்கினார், ஒப்புக்கொள்கிறேன். காரணம் விதி. கல்லூரி ஆட்டத்தில் பந்து கையை விட்டுப் போகும்வரை கார்னர் ஆள் மேல் கை வைக்கலாம். என்எஃப்எல்-இல் 5 யார்டோடு சரி. தாண்டித் தொட்டால் நடுவரின் மஞ்சள் துணி விழும், 5 யார்டோடு எதிரணிக்குத் தானாக முதல் டவுனும் (புதிதாக ஒரு தொடர் வாய்ப்பு) போகும். பந்து காற்றில் இருக்கும்போது தொட்டால் இன்னும் மோசம். கல்லூரியில் அதிகபட்சம் 15 யார்ட், இங்கே தவறு நடந்த இடத்திலேயே பந்து. 40 யார்ட் தள்ளி நடந்தால் 40 யார்டும் போச்சு. மிச்சிகன் ஸ்டேட்டில் வேய்ன்ஸ் பழகியது வழி முழுக்கக் கை வைத்து ஆடும் ஆட்டம். அந்தக் கையை மறக்கடிக்க ஒரு வருடம் ஆகும். 2017இல் லீக்கிலேயே மிகக் குறைவான புள்ளி கொடுத்த தற்காப்பு நம்முடையது, 252. ஒரு பக்கம் ரோட்ஸ், மறுபக்கம் யார்? உங்க பீட்டர்ஸா?

கார்னர்கடை:
அதே 2017 சீசனோட கடைசி ஆட்டத்தையும் சொல்லிடுங்க. பிலடெல்ஃபியாவுல 38-7. நிக் ஃபோல்ஸ் 352 யார்ட். பந்தைப் பின்னால குடுத்துத் திருப்பி வாங்கி வீசின அந்த 41 யார்ட் டச்டவுன், டோரி ஸ்மித் யார் தலைக்கு மேல பிடிச்சார்? நம்ம 11 தலைக்கு மேல. 252ஆம்.

சீஸ்தலை:
கிரீன் பேயிலிருந்து அன்பான வணக்கம். உங்க கார்னர்கள் மேல எங்களுக்கு என்னைக்கும் நன்றி உண்டு. 2020 முதல் வாரம் உங்க வீட்டுலயே எங்க அப்போதைய குவார்ட்டர்பேக் ராட்ஜர்ஸ் 364 யார்ட், 4 டச்டவுன். டவான்டே ஆடம்ஸ் 14 கேட்ச். 43-34. ரோட்ஸை வெட்டிவிட்டு, வேய்ன்ஸையும் அலெக்ஸாண்டரையும் ஒரே அணிக்கு ஒரே மாசத்துல அனுப்பிட்டு, புதுமுகங்களை வெச்சுக் கடை திறந்தீங்க பாருங்க, மறக்க முடியல.

ஊதாக்கொம்பு:
வாங்க. 2017 டிராஃப்ட் ஞாபகம் இருக்கா? 29இல் இருந்தீங்க, இறங்கினீங்க, 33இல் கார்னர் கெவின் கிங். நடுவே 30இல் பிட்ஸ்பர்க் எடுத்தது டி.ஜே. வாட்டை. உங்க ஊர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துப் பையன், வாசலிலேயே நின்றவன். அந்தக் கிங் 2021 ஜனவரி என்எஃப்சி இறுதியில், அரைநேரத்துக்கு நொடிகள் இருக்கும்போது ஸ்காட்டி மில்லருக்கு 39 யார்ட் டச்டவுனை வழிவிட்டு அனுப்பினார். கார்னர் பாடம் எடுக்க வேறு ஆளைப் பாருங்க.

2020இன் கதை வேறு. கொரோனாவால் பயிற்சி ஆட்டமே கிடையாது. புதுமுகக் கார்னர்கள் கிளாட்னி, டான்ட்ஸ்லர் இருவரும் நேரே சீசனுக்குள் விழுந்தார்கள். டானியல் ஹன்டர் கழுத்து அடிபட்டு அந்த வருடம் முழுக்க இல்லை. குவார்ட்டர்பேக்கை விரட்ட ஆள் இல்லாவிட்டால் கார்னர் நாலு நொடி, ஐந்து நொடி ஆளைச் சுமக்க வேண்டும். மூன்று நொடிக்கு மேல் எந்தக் கொம்பனும் சுமக்க முடியாது.

சீஸ்தலை:
வாட் விஷயத்துல உண்மையிலேயே வலிக்குது. கிளம்பறேன். ஸிம்மர் ஐயாவுக்கு வணக்கம்.

மூணாவதுடவுன்:
அதைத்தான் நானும் சொல்றேன். முன்வரிசை. இடது கார்டு யாரு?

கார்னர்கடை:
கிரீன் பே ஆளைத் துரத்திட்டீங்க, சந்தோஷம். பீட்டர்ஸ்?

ஊதாக்கொம்பு:
பீட்டர்ஸ், பீட்டர்ஸ், பீட்டர்ஸ். 19 இன்டர்செப்ஷன் பிடித்த அந்தப் பொக்கிஷத்தை கன்சாஸ் சிட்டி மூன்றே சீசனில் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸுக்குத் தள்ளிவிட்டது ஏன்? அங்கேயும் 2019 அக்டோபரில் பால்டிமோருக்கு ஏற்றுமதி. 2018 நவம்பரில் நியூ ஆர்லின்ஸில் மைக்கேல் தாமஸ் 211 யார்ட் எடுத்தார். அதில் 72 யார்ட் டச்டவுன் யார் பக்கம் போனது? அதே வருடம் செப்டம்பர் 27, நாம் ராம்ஸோடு ஆடியபோது கசின்ஸ் 422 யார்ட் எறிந்தார். எதிரில் இருந்த கார்னர் யாரோ?

கார்னர்கடை:
கெண்டைக்கால் அடியோட ஆடின மனுஷன். சரி, அந்த ஆட்டத்துல மறுபக்கமும் சொல்லுங்க. ஜாரெட் கோஃப் 465 யார்ட், 5 டச்டவுன், 38-31 தோத்தோம். நம்ம 11 எங்க இருந்தார்?

ஊதாக்கொம்பு:
அது கார்னர் தப்பே இல்லை! நடுவரிசைத் தற்காப்பு வீரரான லைன்பேக்கர் ஆன்தனி பாரைத் தனியாக, பந்து பிடிப்பவரான கூப்பர் கப் பின்னால் ஓடவிட்ட தப்பு. ஆட்டத்தைப் பார்த்தீர்களா, புள்ளிப்பலகையை மட்டும் பார்த்தீர்களா?

கார்னர்கடை:
நாம தோத்தா லைன்பேக்கர் தப்பு. பீட்டர்ஸ் தோத்தா கார்னர் தப்பு. நல்ல தராசு அண்ணே. கட்டை விரல் ஒரு பக்கம் அழுத்தியே இருக்கு. கன்சாஸ் சிட்டி தள்ளிவிடும்போதாவது இரண்டாம் சுற்று பிக் ஒண்ணும் நாலாம் சுற்று பிக் ஒண்ணும் கையில வந்துச்சு.

ஸ்கோல்_செல்வி:
பூத்தைப் பற்றி ஒருவரும் பேசாததுதான் வேடிக்கை. 2022இல் 12ஆவது இடத்தை நம் பிரிவிலேயே இருக்கிற டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து 32க்கு இறங்கினோம். 14இல், பின்வரிசைக் காவலரான சேஃப்டி கைல் ஹாமில்டன் பால்டிமோருக்குப் போனார். அப்புறம் 53ஐயும் 77ஐயும் கொடுத்து 42க்கு ஏறி பூத்தை எடுத்தோம். தொடைத் தசைப் பிடிப்பு, குடலிறக்க அறுவை என்று டிராஃப்டுக்கு முன்பே ஓட்டச் சோதனை எதிலும் ஓடாதவர். 2024இல் டல்லஸுக்கு ஆள் மாற்றிக் கொடுத்து முடித்தோம். தண்டம் என்றால் இதை வைத்து ஆரம்பிக்கலாமே. இவருக்கு மாற்றாக யார் இருந்தார் என்று தேட ஏழு இடம்கூட இறங்க வேண்டாம்.

ஊதாக்கொம்பு:
பூத் வேறு பொதுமேலாளர் காலம் அம்மா. நான் பொதுமேலாளர் ஸ்பீல்மேன், பயிற்சியாளர் ஸிம்மர் காலத்தைத்தான் பேசுகிறேன்.

கார்னர்கடை:
திரி தொடங்கினப்போ 2022 வரைக்கும் கணக்குப் போட்டது யாரு அண்ணே? நானா?

ஊதாக்கொம்பு:
உங்கள் வரியை மேற்கோள் காட்டினேன், தம்பி. மேற்கோளுக்கும் கருத்துக்கும் வித்தியாசம் தெரியாதவரோடு கவரேஜ் பேசுவது என் தப்பு. வேய்ன்ஸ் 40 யார்டை 4.31 நொடியில் ஓடினவர். அந்த வேகம் இருந்ததால்தான் ஸிம்மர் சேஃப்டியை ரோட்ஸ் பக்கமோ நடுவிலோ தன் இஷ்டத்துக்கு நிறுத்த முடிந்தது. அது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

கார்னர்கடை:
நேரா ஓடுறதுல 4.31. பந்துக்காகத் திரும்புறதுல? அவர் தலை திரும்புறதுக்குள்ள பந்து வந்து, பிடிச்சு, ஆள் எழுந்து போயிருப்பான். ரோட்ஸுக்குக் கை நீளம், திரும்பாமலே தட்டிவிடுவார். வேய்ன்ஸுக்கு அந்தக் கை இல்ல.

8 இன்டர்செப்ஷன். 18ஆவது இடம்.

ஊதாக்கொம்பு:
சியாட்டிலுக்கு எதிரான 2016 ஜனவரி பிளேஆஃபில் ரஸ்ஸல் வில்சன் பந்தைப் பிடித்தது யார் கை? தலை திரும்பாமலா பிடித்தார்?

கார்னர்கடை:
ஒண்ணு. அந்த ஆட்டமும் 10-9 தோத்தோம்.

ஊதாக்கொம்பு:
27 யார்ட் உதையை பிளேர் வால்ஷ் வெளியே அடித்ததற்கும் வேய்ன்ஸ்தான் பொறுப்பா? இதையும் அவர் கணக்கில் எழுதிவிடுங்கள். நாளை அவருடைய 2018 ஆட்டங்களை ஒவ்வொரு டவுனாகப் பிரித்துப் போடுகிறேன், அப்போது தெரியும்.

கார்னர்கடை:
போடுங்க. கூடவே 18ஐயும் போடுங்க.

மூணாவதுடவுன்:
டாம் காம்ப்டன். 2018 இடது கார்டு டாம் காம்ப்டன். யாருக்குமே தெரியல பாத்தீங்களா?