கோவில்பட்டி வீடு (வாட்ஸ்அப் குழு)

சிவா: தாத்தா முதலாண்டு நினைவு நாளுக்கு வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பது என்று இன்று ராத்திரிக்குள் சொல்லுங்கள். கடையில் 100 எவர்சில்வர் சம்படம் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

சின்ன மாமா: சம்படமே போதும்

மதுரைச் சித்தி: என் வீட்டில் ஏற்கெனவே 14 இருக்கிறது

கவிதா: 😀 அத்தை

பெரிய மாமா: சம்படம் வேண்டாம். புத்தகம் கொடுப்போம். கு. அழகிரிசாமி கதைகள். 'நம்ம ஊர்ப் பக்கத்து ஆள்' என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது அவரைத்தான். 1923-ல் இடைசெவலில் பிறந்தவர். பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் அரசாங்க வேலை என்றால் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். அதை விட்டுவிட்டுப் பத்திரிகையில் சேர மெட்ராஸுக்குப் போனார்.

சின்ன மாமா: அப்பாவும் போகிறேன் என்றுதான் ஆரம்பித்தார். அம்மா விடவில்லை.

அம்மா: தீப்பெட்டி ஆபீஸ் கணக்கு எழுதித்தானே நம் மூன்று பேர் கல்யாணமும் நடந்தது

மதுரைச் சித்தி: நான்கு பேர், அக்கா

அம்மா: அவசரத்தில் அடித்துவிட்டேன்டி

சின்ன மாமா: சாப்பாடு யாரிடம் சொல்லியிருக்கிறது? போன தடவை சாம்பாரில் உப்பே இல்லை.

பெரிய மாமா: முடித்துவிடுகிறேன். ஆனந்தபோதினி, பிரசண்ட விகடன், சக்தி என்று ஒவ்வொரு பத்திரிகையாக வேலை. அப்புறம் 1957 வரை சில வருஷம் மலேயாவில் தமிழ் நேசன். திரும்பி வந்து நவசக்தி. 1970 ஜூலையில் இறந்தபோது 46 வயதுதான். அந்த வருஷத்து சாகித்திய அகாதெமி விருது அவருடைய 'அன்பளிப்பு' தொகுப்புக்கு. கையில் வாங்க அவர் இல்லை. அதே இடைசெவலில் கூட வளர்ந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணனுக்கு 1991-ல் அதே விருது. ஒரு சின்ன கரிசல் ஊருக்கு இரண்டு!

கவிதா: அப்பா, பத்தி பிரித்துப் போடுங்கள்

அம்மா: தீபாவளிக்கு முந்தின ராத்திரி அப்பா அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையைச் சொல்வாரே. சிரங்கு பிடித்த பையனை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, வீட்டுக்காரருக்கு வாங்கிய புதுத் துண்டைத் தாயம்மாள் கொடுப்பாள். அந்த இடத்தில் அப்பா குரல் கம்மிவிடும். முறுக்குப் பிழிந்த கையோடு நான் அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

சின்ன மாமா: கடலை மிட்டாயும் போடலாம். பஜாரில் சொன்னால் மறுநாளே கிடைக்கும்.

சிவா: மாமா, முதலில் சம்படமா புத்தகமா?

மதுரைச் சித்தி: அண்ணனுக்கும் அக்காவுக்கும் அப்பா பெயர் எழுதிக் கொடுத்த புத்தகம் இருக்கிறது. எனக்கு இல்லை.

பெரிய மாமா: நீ கேட்டதே இல்லையேம்மா

மதுரைச் சித்தி: நீங்கள் கேட்டா வாங்கினீர்கள்?

சின்ன மாமா: 🙏

பெரிய மாமா: 'அன்பளிப்பு' கதையே அதுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பிரியமாக இருக்கிற மனுஷர் இரண்டு பேருக்கு டைரி கொடுக்கிறார். சாரங்கன் என்ற பையனை விட்டுவிடுகிறார். வேண்டுமென்று அல்ல, தோன்றவில்லை. கடைசியில் அவன் தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து, சாரங்கனுக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். 40 வருஷம் வகுப்பில் பாடம் நடத்தினேன். அந்தக் கடைசிப் பக்கத்தை ஒரு தடவைகூடத் தடுமாறாமல் வாசித்ததில்லை.

மதுரைச் சித்தி: இந்தக் கதையை அப்பா எனக்குச் சொன்னதில்லை

பெரிய மாமா: என்னிடம் இருப்பதை நீ எடுத்துக்கொள். பச்சை மையில் அப்பா எழுதியது.

மதுரைச் சித்தி: உங்கள் பெயர் போட்டது எனக்கு எதற்கு அண்ணே

கவிதா: அத்தை 😔

சின்ன மாமா: படிக்கிறவர்களுக்குப் புத்தகம், மற்றவர்களுக்குச் சம்படம். 50, 50.

பெரிய மாமா: யார் படிப்பார்கள் என்று நாம் எப்படித் தீர்மானிப்பது?

மதுரைச் சித்தி: புத்தகம் என்றால் ஒவ்வொன்றிலும் வாங்குகிறவர் பெயரை எழுதித்தான் கொடுக்க வேண்டும். நான் எழுதுகிறேன். இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுகிறேன்.

அம்மா: உன் எழுத்துதான் அப்பா எழுத்து மாதிரியே இருக்கும்

மதுரைச் சித்தி: ம்

கவிதா: பச்சை மை நான் வாங்கி வருகிறேன் அத்தை

சிவா: சரி. அப்போ வருகிறவர்கள் பெயர்ப் பட்டியல் வேண்டும். யாரும் விட்டுப் போகக் கூடாது. கடைக்காரரிடம் நாளை காலைவரை அவகாசம் கேட்கிறேன்.

சின்ன மாமா: சாத்தூர்க்காரர்களுக்கும் சொல்கிறோமா?

அம்மா: அதைப் போனில் பேசலாம்